பாதி வட்டம் ஏன் கறுக்கிறது? நீண்ட லென்ஸுக்குப் பொருந்தும் ஃபோகஸ் திரை

மழை விட்டு இரண்டு நாள். இரணைமடுக் குளக்கட்டில் காலை ஆறரைக்கே போய் நின்றேன். துருசுக்கு மேலே போகும் இரும்புக் கம்பியில் ஒரு சிறு மீன்கொத்தி வந்து குந்தியது. என்னிடம் இருந்தது பழைய பிலிம் கமரா, அதில் 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6. (எஃப் என்பது லென்ஸின் துவார அளவு, எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்.) முக்காலியில் பூட்டி ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்கையில், மீன் வாங்க வந்து நின்ற பெடியன் ஒருவன் கிட்ட வந்தான்.

"அண்ணை, ஒருக்கா நானும் பாக்கட்டோ?"

பார்க்கவிட்டேன். கண்ணை வைத்தவன் உடனே தலையை எடுத்துவிட்டான். "நடுவிலை ஒரு வட்டம். அதிலை அரைவாசி கறுப்பாக் கிடக்கு. குருவியைக் காணேல்லை. கமரா பழுதோ?"

பழுது எதுவும் இல்லை. லென்ஸும் நல்லது, கமராவும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திரைதான் அந்த லென்ஸுக்குப் பொருந்தாதது. வீட்டில் அப்பாவின் பெட்டியிலோ மாமாவின் அலுமாரியிலோ கிடந்த கமராவை எடுத்து, அதற்கு ஒரு நீண்ட லென்ஸை வாங்கிப் பூட்டுகிற பிள்ளைகள் இப்போது வன்னியில் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் முதல் நாளே இந்தக் கறுப்பு வட்டத்தில் முட்டுகிறார்கள். சிலர் லென்ஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தும்விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கமராவுக்குள் சரிந்து நிற்கும் மிரர், லென்ஸால் வரும் ஒளியை மேலே திருப்பி விடுகிறது. அங்கே ஒரு சிறிய தட்டையான திரை படுத்திருக்கிறது. லென்ஸிலிருந்து அந்தத் திரைக்கு உள்ள தூரமும், லென்ஸிலிருந்து பிலிமுக்கு உள்ள தூரமும் ஒன்று. ஆகவே திரையில் கூர்மையாக விழும் உருவம், மிரர் எழும்பியதும் பிலிமிலும் கூர்மையாக விழும். வியூபைண்டரால் நாம் பார்ப்பது பறவையை அல்ல, அந்தத் திரையில் விழுந்த பறவையின் உருவத்தை. ஃபோகஸ் என்று நாம் செய்யும் தீர்மானம் எல்லாம் அந்த ஒரு துண்டுத் திரையில்தான் நடக்கிறது.

பெரும்பாலான கமராக்களில் கடையிலிருந்து வரும்போதே உள்ள திரையில், நடுவில் இரண்டாகப் பிளந்த வட்டம் இருக்கும். அதைச் சுற்றி மைக்ரோபிரிசம் வளையம். அதற்கு வெளியே மங்கிய வெளி. கடைக்காரர், கற்றுக்கொடுப்பவர், புத்தகம் எல்லாரும் சொல்வது, "நடு வட்டத்தில் இரண்டு பாதியும் பொருந்தினால் ஃபோகஸ்" என்பதுதான். 50 மி.மீ. லென்ஸுக்கு அது முழு உண்மை. கல்யாண வீட்டில் மணவறைக்கு முன்னால் நின்று படம் பிடிப்பவருக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. அந்தக் கமராக்கள் விற்பனையானதும் அப்படிப்பட்ட வேலைக்குத்தான். குளத்து நடுவில் நிற்கும் நாரையை நினைத்து அந்தத் திரையை யாரும் போடவில்லை.

பிளந்த வட்டம் எப்படி வேலை செய்கிறது? அந்த வட்டத்துக்குள் இரண்டு சின்ன ஆப்புகள் இருக்கின்றன. மரத்தைப் பிளக்க வைக்கும் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. மேல் பாதியில் உள்ள ஆப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும், கீழ்ப் பாதியில் உள்ளது எதிர்ப்பக்கம். சரிவால் ஒளி வளைகிறது. அதனால் மேல் பாதி வழியாகப் பார்க்கும்போது உங்கள் கண் லென்ஸின் ஒரு ஓரத்தைப் பார்க்கிறது, கீழ்ப் பாதி வழியாக எதிர் ஓரத்தை. வலக்கண் ஒன்றும் இடக்கண் ஒன்றும் பார்ப்பது போல, லென்ஸின் இரு ஓரங்கள் இரண்டு பார்வை தருகின்றன. உருவம் சரியாக ஆப்புகள் சந்திக்கும் தளத்தில் விழுந்தால் இரண்டு பார்வையும் ஒட்டிக்கொள்ளும். முன்னே பின்னே விழுந்தால் விலகி நிற்கும்.

இப்போது லென்ஸின் துவாரம் சின்னதாகிவிட்டது என்று வையுங்கள். ஆப்பின் சரிவு மாறவில்லை. அது கண்ணைத் திருப்பிவிடும் இடத்தில் முன்பு லென்ஸின் ஓரம் இருந்தது. இப்போது அங்கே லென்ஸ் இல்லை, குழலின் கறுத்த உட்சுவர்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். கண்ணைக் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள், கறுத்த பாதி வெளுக்கும், வெளுத்த பாதி கறுக்கும். எஃப் 4 அளவில் கண்ணை நேராக வைத்தால் இரண்டும் தெரியும். எஃப் 5.6 வந்துவிட்டால் ஏதோ ஒரு பாதி போய்விடும். எஃப் 8 என்றால் முழு வட்டமும் கரித்துண்டு.

மீன்கொத்தியின் கணக்கைப் பார்ப்போம். சிறு மீன்கொத்தி அலகோடு சேர்த்து ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர். 20 மீற்றர் தூரத்தில், 400 மி.மீ. லென்ஸில், திரையில் விழும் அதன் உருவம் 3.2 மி.மீ. நிக்கோன் கமராக்களில் வரும் கே வகைத் திரையில் பிளந்த வட்டத்தின் விட்டம் 3 மி.மீ. அதாவது குருவி ஏறக்குறைய முழுவதும் அந்த வட்டத்துக்குள் போய்விடுகிறது. பெடியன் "குருவியைக் காணேல்லை" என்றது சரியான அவதானிப்பு.

கமரா செய்தவர்களும் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள். சரிவு குறைந்த ஆப்புகளை வைத்துத் துவாரம் சிறிய லென்ஸுக்கென்றே தனித் திரைகள் செய்தார்கள். அவை எஃப் 5.6 வரைக்கும் கறுக்காமல் நிற்கும். ஆனால் சரிவு குறைந்தால் இரண்டு பார்வைக்கும் இடையிலான தூரமும் குறைகிறது, பிழை இருந்தாலும் பாதிகள் கொஞ்சமாகத்தான் விலகும். வெளிச்சம் வந்ததற்கு விலையாக நுணுக்கம் போகிறது.

மைக்ரோபிரிசம் இதே ஆப்புகளை நூற்றுக்கணக்கில் பொடியாக்கிப் பரப்பியது போலத்தான். ஃபோகஸ் தப்பினால் உருவம் மினுமினுத்து உடையும், சரியானால் அடங்கும். கொக்கின் இறகு, மருத மரப்பட்டை மாதிரி நேர்கோடு இல்லாத பொருளுக்குப் பிளந்த வட்டத்தைவிட இது நல்லது. துவாரம் சிறுத்தால் இதுவும் கறுக்கும். நிக்கோன் எஃப் தொடர்க் கமராக்களுக்கு ஜி, எச் என்ற மைக்ரோபிரிசத் திரைகள் தலா நான்கு வகையாக, லென்ஸுக்கு லென்ஸ் வேறுவேறு சரிவோடு வந்தன. அதிலிருந்தே விளங்கும், எல்லா லென்ஸுக்கும் பொருந்துகிற ஒரு பிரிசம் கிடையாது. ஒலிம்பஸும் ஓஎம் தொடரில் இப்படிப் பிரித்தே திரைகள் கொடுத்தது.

மிச்சம் இருப்பது மங்கிய திரை. மாட் என்று சொல்வார்கள். நடுவில் வட்டமும் இல்லை, வளையமும் இல்லை. நான் நீண்ட லென்ஸுக்குப் போடுவது இதைத்தான், மற்றவர்களுக்குச் சொல்வதும் இதைத்தான். ஆனால் இதிலும் நல்லது கெட்டது உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான்.

மங்கிய திரையின் முகம் மணலில் தேய்த்த கண்ணாடி மாதிரி. ஒளி அதில் பட்டுச் சிதறும். சிதறுவதால்தான் ஃபோகஸ் தப்பிய உருவம் மங்கலாகத் தெரிகிறது. நன்றாகச் சிதறடிக்கும் சொரசொரப்பான திரை இருட்டாக இருக்கும், ஏனென்றால் ஒளியின் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கு வராமல் பக்கங்களில் போய்விடுகிறது. அப்புறம் வந்தவர்கள் இந்த இருட்டைப் போக்க முனைந்தார்கள். மினோல்ட்டா எழுபதுகளின் கடைசியில் அக்கியூட் மாட் என்ற திரையைக் கொண்டுவந்தது. ஒழுங்கில்லாத சொரசொரப்புக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குவிவுகளை வரிசையாக அடுக்கி, ஒளியைக் கண் இருக்கும் பக்கமே அனுப்பினார்கள். பின்னாளில் ஹாசல்பிளாட்டும் அதை எடுத்துக்கொண்டது. பார்த்தால் வியூபைண்டர் யன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். பளிச்சென்று தெரிவது வேறு, ஃபோகஸ் தெரிவது வேறு. குறைவாகச் சிதறடிக்கும் திரையில், ஃபோகஸ் கொஞ்சம் தப்பிய உருவத்தையும் உங்கள் கண் தானாகவே சரிசெய்து கூர்மையாகக் காட்டிவிடும். வளையத்தைத் திருப்பிக்கொண்டே போனால் எல்லா இடமும் நல்லாயிருக்கிற மாதிரித் தெரியும். எங்கே நிறுத்துவது என்று விளங்காது. எஃப் 1.4 லென்ஸில் இந்தக் குறை தெரியாது. எஃப் 5.6 லென்ஸில், குவிந்து வரும் ஒளிக்கூம்பே ஒல்லியாக இருப்பதால், நன்றாகத் தெரியும். சொரசொரப்பான பழைய திரையிலோ உருவம் இருட்டாக இருந்தாலும் ஒரு இடத்தில் சட்டென்று எழும்பி நிற்கும், தாண்டினால் விழும். அந்த எழும்பலுக்காக இருட்டைச் சகிக்கலாம் என்பது என் எண்ணம்.

இருட்டு எவ்வளவு? 50 மி.மீ. எஃப் 2 லென்ஸில் பார்த்துப் பழகியவர் எஃப் 8 லென்ஸைப் பூட்டினால், திரைக்கு வரும் ஒளி 16 இல் ஒரு பங்குதான். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டம் கடல்நீரேரியின் நடுவில் நிற்கும். 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் ஆன இடம் அது. கிட்டப் போகவும் கூடாது, போனால் பறந்துவிடும். ஆகவே உள்ளே வளைந்த கண்ணாடிகள் வைத்துச் செய்த கட்டையான 500 மி.மீ. மிரர் லென்ஸைத்தான் பலர் கொண்டுபோவார்கள், அது எப்போதும் எஃப் 8. வெயில் ஏறிய பிறகு அந்தத் திரையில் பிரச்சினையே இல்லை. விடியற்காலையில் கஷ்டம். கண்ணைச் சுற்றி வெளிவெளிச்சம் புகாமல் றப்பர்க் குவளை ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் சால்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு தெரிகிற அளவு உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அதே 500 எஃப் 8 ஐ முக்காலியில் வைத்து அசையாத கூட்டை எடுப்பதென்றால் இன்னொரு வழியும் உண்டு. நடுவில் மங்கல் இல்லாத தெளிந்த பொட்டும் அதில் சிலுவைக்கோடும் உள்ள திரை. கண்ணை இடம் வலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். கோடும் உருவமும் ஒன்றோடொன்று நகராமல் ஒட்டி நின்றால் ஃபோகஸ். நுணுக்கத்தில் இதற்கு ஈடில்லை. நுண்ணோக்கிக்காரர் இதைத்தான் பாவிப்பார்கள். நடக்கிற பறவைக்கு உதவாது.

திரையின் ஓரங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கிய முகத்தோடு ஃபிரெனல் என்ற வட்ட வட்ட வரிகள் கொண்ட மெல்லிய வில்லை ஒன்று சேர்ந்திருக்கும். ஓரத்து ஒளியை வளைத்துக் கண்ணுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. சாதாரண லென்ஸில் ஒளி புறப்பட்டு வரும் தூரத்தை மனதில் வைத்து அதைச் செய்திருப்பார்கள். நீண்ட லென்ஸில் ஒளி இன்னும் தூரத்திலிருந்து வருவதால், நடு வெளுத்து ஓரம் கறுக்கும். டெலி லென்ஸுக்கென்று பெயர் போட்ட திரைகளில் மாற்றியிருப்பது பெரும்பாலும் இதைத்தான். கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். வியூபைண்டரின் மேல் விளிம்பு மட்டும் இருண்டு தெரிந்தால் அது திரையின் குற்றமும் இல்லை. கமராவின் மிரர் கட்டையாக இருப்பதால் நீண்ட லென்ஸின் ஒளியில் ஒரு பகுதி தவறுகிறது. பிலிமில் அந்த இருட்டு வராது.

சரி, எந்தக் கமராவில் திரையை மாற்றலாம்? நிக்கோன் எஃப், எஃப்2, எஃப்3 ஆகியவற்றில் மேல்மூடியையே கழற்றி மாற்றலாம். 1982 இல் வந்த எஃப்எம்2 இல் லென்ஸ் வாய் வழியாகச் சின்னச் சாவணத்தால் மாற்றலாம். அதற்கு முந்திய எஃப்எம் இல் முடியாது. ஒலிம்பஸ் ஓஎம்-1, ஓஎம்-2 இரண்டிலும் லென்ஸ் வாய் வழியாக மாற்றலாம், மிரரும் பெரிது, நீண்ட லென்ஸுக்கு மிகத் தோதான கமராக்கள். கனன் ஏஇ-1 இல் நாமாக மாற்ற முடியாது, 1981 இல் வந்த ஏஇ-1 புரோகிராமில் முடியும். பென்டாக்ஸ் கே1000 இல் திரை நிரந்தரம்.

கே1000 வைத்திருப்பவர்கள் மனம் தளரத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்தது. பற்றறி இல்லாமலே ஷட்டர் அடிக்கும் கமராவின் அருமை இங்கே பெரியவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அப்படியானவற்றை இன்னும் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திரையை மாற்ற முடியாத கமராவில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடு வட்டத்தை மறந்துவிட்டு, அதற்கு வெளியே உள்ள மங்கிய வெளியில் பறவையின் கண்ணை வைத்து ஃபோகஸ் பாருங்கள். பிறகு சட்டத்தைச் சரிசெய்து எடுங்கள். இரண்டு ரோல் பிலிம் பழகினால் கை தானாகச் செய்யும்.

மாற்றக்கூடிய கமரா என்றால் என் தெரிவு இது. 135 எஃப் 2.8, 180 எஃப் 2.8 மாதிரித் துவாரம் பெரிய லென்ஸுக்குப் பிளந்த வட்டம் இருக்கட்டும், மாற்றவே வேண்டாம். 200 எஃப் 4 எல்லையில் நிற்கிறது, கண்ணை நடுவில் வைக்கப் பழகினால் சமாளிக்கலாம். 300 எஃப் 4.5 தொடங்கி வெறும் மங்கிய திரை. அதிலும் கோடு போட்ட கட்டத்திரை கிடைத்தால் அதையே எடுப்பேன். குளத்தைப் படம் எடுக்கும்போது தண்ணீர்க்கோடு சரிந்துவிட்டால் முழுக் குளமும் ஒரு பக்கம் வழிகிற மாதிரி இருக்கும், கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டி லென்ஸின் நீளத்தை இரட்டிக்கும் இரட்டிப்பான் போடுபவர்கள் கணக்கை மாற்றிப் பார்க்க வேண்டும். 300 எஃப் 4.5 லென்ஸ் இரட்டிப்பானோடு 600 எஃப் 9 ஆகிவிடும், அதற்கு எந்தப் பிரிசமும் உதவாது.

திரையை மாற்றினால் ஒளிமானியைச் சரிபார்க்காமல் பிலிம் போடாதீர்கள். பல கமராக்களில் ஒளிமானி அளப்பது திரையில் விழுந்த ஒளியை. புதுத்திரை பழையதைவிட வெளிச்சமாக இருந்தால் மானி ஏமாந்து குறைவாக ஒளி கொடுக்கும். ஒரே வெளிச்சத்தில் உள்ள வெள்ளைச் சுவரைப் பழைய திரையோடு ஒருமுறை, புதுத்திரையோடு ஒருமுறை அளந்து, வித்தியாசத்தை ஐஎஸ்ஓ வளையத்தில் ஈடுசெய்யுங்கள். ஓஎம்-2 தானியங்கியில் ஓடும்போது பிலிமிலிருந்து திரும்பும் ஒளியை அளப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு திருத்துநரிடம் கமராவைத் துப்புரவாக்கக் கொடுத்து வாங்கினேன். அந்த மாரியில் கட்டுக்கரைக்குளத்தில் சங்குவளை நாரைகளை ஒரு முழு ரோல் எடுத்தேன். 36 படத்திலும் நாரை மங்கல், அதற்கு முன்னால் உள்ள புல்லு மட்டும் நல்ல கூர்மை. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி மாற்றவும் யோசித்தேன். பிறகு வீட்டு வேலியில் சோதித்துப் பார்த்தேன். வேலிக்கு ஓர் ஓரமாக நின்று, சாய்வாக ஓடும் கதியால் வரிசையை லென்ஸ் முழுத்துவாரத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ஏழாவது கதியாலில் ஒரு துண்டுத் துணி கட்டி அதில் ஃபோகஸ். நெகட்டிவைக் கழுவி உருப்பெருக்கியால் பார்த்தபோது ஐந்தாவது கதியாலின் பட்டை வெடிப்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது, ஏழாவதில் துணி இருப்பதே தெரியவில்லை. திரையின் சட்டம் ஒரு பக்கம் கொளுக்கியில் சரியாக மாட்டாமல் கீழே தொங்கி நின்றிருக்கிறது.

இவ்வளவு சின்னத் தொங்கல் இவ்வளவு பிழை செய்யுமா? 400 மி.மீ. லென்ஸில் 20 மீற்றர் தூரத்துக்கு, திரை 0.1 மி.மீ. கீழே இறங்கினால் ஃபோகஸ் 25 சென்ரிமீற்றர் முன்னே வந்துவிடும். அந்தத் தூரத்தில் எஃப் 5.6 இல் கூர்மையாக நிற்கும் ஆழமே மொத்தம் 85 சென்ரிமீற்றர் அளவுதான். 10 மீற்றருக்குக் கிட்ட வந்தால் ஆழம் ஒரு சாண்.

பிலிம் வீணாக்காமலும் சோதிக்கலாம். பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் உள் தண்டவாளத்தில் மங்கிய ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை பி இல் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்து நிற்கும் நிலை) திறந்து பிடியுங்கள். நாடாவில் விழும் உருவத்தை உருப்பெருக்கியால் பார்த்து ஃபோகஸ் செய்து, ஷட்டரை விட்டு, வளையத்தைத் தொடாமல் வியூபைண்டரில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு வளையத்தை எல்லைக்குத் திருப்பி வைத்துச் சரிபார்க்க நினைக்காதீர்கள். நீண்ட லென்ஸ்கள் பல, சூட்டில் உலோகம் நீளும் என்பதால், முடிவிலியை, அதாவது மிகத் தூரத்துப் பொருளுக்கான குறியை, தாண்டியும் திரும்பும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எங்கள் வைகாசி வெயிலில் அந்த இடைவெளி வேண்டும்தான்.

திரையைத் துடைக்கவே கூடாது. பிளாஸ்ரிக், மிக மென்மை. சாரத்தின் முனையால் ஒருமுறை தொட்டாலும் கீறு விழும், ஸ்பிரிட் பட்டால் மங்கிவிடும். றப்பர்ப் பந்தால் காற்று அடியுங்கள், போகாத தூசை விட்டுவிடுங்கள். திரையில் உள்ள தூசு பிலிமில் விழாது. கழற்றும்போது எந்த முகம் கீழே இருந்தது, வெட்டு எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் கீறி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். காட்டுக்குள்ளோ குளக்கட்டிலோ நின்று மாற்றாதீர்கள். வீட்டில், காத்தாடியை நிறுத்திவிட்டு, மேசையில் வெள்ளைத்துணி விரித்துச் செய்யுங்கள்.

மத்தியானம் வயலுக்கு மேலே கானல் ஆடும் நேரத்தில் எந்தத் திரையிலும் ஃபோகஸ் நிற்காது. வளையத்தைக் குறை சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குப் பிறகு வருவது நல்லது.

அன்று குளக்கட்டில் நான் பெடியனிடம் வட்டத்தை விட்டுப் பக்கத்து வெளியில் பார்க்கச் சொன்னேன். வளையத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் உருட்டினான். பிறகு கையை அசைக்காமல் அப்படியே நின்று, மெதுவாக, "அண்ணை, அதின்ரை கண்ணுக்குள்ளை ஒரு வெள்ளைப் பொட்டு" என்றான். கிழக்கே ஏறிக்கொண்டிருந்த சூரியன் அது.